பஸ் வந்திருச்சு

அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் மைக் செட். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. மூன்றாவது மாடியில் இன்னும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கீழே வேன் வாசலில் இருந்து குரல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிடும். பிறவியிலேயே பெரிய தொண்டை, வேலை அதைத் தீட்டியும் விட்டிருந்தது. தம்பி இதற்கு நேர்மாறு. வெல்டிங் பட்டறையில் நாளெல்லாம் நெருப்போடு மல்லுக்கு நிற்கிறவன், கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கத் தெரியாது. அக்காவோடு வெளியே கிளம்பினால் அவன் வாயில் வருவது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்.

"மெதுவாக்கா."

அந்தத் தம்பியின் இடது பாதத்தில் ஒரு இரும்புச் சிம்பு ஏறியது. பட்டறையில் இதெல்லாம் சகஜம். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தான். உடம்பில் சர்க்கரை இருப்பதை அவன் மறந்தாலும் கால் மறக்கவில்லை. புண் ஆறவில்லை, இரண்டு விரல்கள் கறுத்தன, கட்டுத் துணியை மாற்றும்போது ஒரு வாடை அடித்தது. மருந்துக்கடைக்காரர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுக்கவே மறுத்துவிட்டார். இதற்குக் கத்தி பிடிக்கிற டாக்டர் வேண்டும், இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காது, காலையே கேட்கும் என்றார். தம்பி பெண்டாட்டிக்கு மில்லில் லீவு கிடைக்காது. அக்காதான் வேன் வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கட்டுப் போட்ட காலில் செருப்பு நுழையவில்லை. ஆறினதும் போட்டுக்கொள்ளட்டும் என்று இடது செருப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அவளுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் விடிந்ததும் போய் டோக்கன் வாங்கிவிட்டால் கூடத்தில் உட்காரலாம். நாற்காலி ஆடும், மின்விசிறி கடகடக்கும், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தலைக்கு மேல் கூரை இருந்தது, கையில் ஒரு எண் இருந்தது. இந்தத் தடவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மின்பலகை. "நோயாளியின் சராசரிக் காத்திருப்பு: பதினொரு நிமிடம்" என்று பச்சை எழுத்து ஓடியது. அதைப் படித்ததும் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மத்தியான வேனுக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று மனக்கணக்குப் போட்டாள், பாவம்.

கேட்டில் நின்ற காவலாளி உள்ளே விடவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பஸ் நிழற்குடையைக் காட்டி, அங்கே போய் உட்காருங்கள், கூப்பிடுவேன் என்றார். நிழற்குடையில் எள் போட இடமில்லை. பஸ்ஸுக்கு வந்தவர்கள் இரண்டொருவர். மற்ற அத்தனை பேரும் நோயாளிகள், நோயாளிகளைக் கூட்டி வந்தவர்கள். இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து தம்பிக்கு இடம் கொடுத்தார். விஷயத்தை விளக்கியதும் அவர்தான்.

அரசாங்கம் ஆஸ்பத்திரிகளை அளக்க ஆரம்பித்திருந்தது. எந்த ஆஸ்பத்திரியை ஒழுங்காக நடத்துகிறார்கள், எதை நடத்தவில்லை என்று மார்க் போட்டுப் பார்ப்பது. நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதற்குத்தான் நிறைய மார்க். ஆனால் காத்திருப்பு எங்கே தொடங்குகிறது என்று எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்களே, அங்கேதான் கோளாறு. டோக்கன் மிஷினில் இருந்து சீட்டு வெளியே வருகிற நொடியில் தொடங்கி, டாக்டர் முன்னால் உட்காருகிற நொடியில் முடிகிறது என்று எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் மூளைக்காரர். டாக்டர்களையும் அதிகமாக்கவில்லை, அறைகளையும் அதிகமாக்கவில்லை. டாக்டர் அறை காலியாகிற வரைக்கும் டோக்கன் கொடுக்காதே என்று ஒரே ஒரு உத்தரவு போட்டார். மூன்று மணி நேரக் காத்திருப்பு பதினொரு நிமிடமாகிவிட்டது. கண்கட்டு வித்தைக்காரன்கூட கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏமாற்றுவான். இங்கே அதுவும் இல்லை.

இன்னொரு கூத்தும் இருந்தது. தெருவில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, டோக்கன் என்ற பேச்சே கேட்டுக்கு வெளியே எழக் கூடாது. அளக்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் தெருவில் நோயாளி இருப்பதாக ஆகிவிடுமே. காவலாளி ஒப்பந்தத் தொழிலாளி, இன்றைக்கு இருக்கிற வேலை நாளைக்கு இல்லை. அவர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே இருந்து சைகை வந்ததும் கேட்டில் நின்று கூவுவார்: "பஸ் வந்திருச்சு, நாலு பேர் ஏறலாம்." வரிசையில் முதல் நாலு பேர் எழுந்து தெருவைக் கடந்து உள்ளே போவார்கள். அதனால் அவருக்குக் கண்டக்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. உள்ளே யாராவது எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், காத்திருக்கவில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை பஸ் வராது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முதல் நாள் இவர்கள் முறை வருவதற்குள் டாக்டர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை இருட்டோடு வந்தும் அதே கதை. அவசரப் பிரிவுக்குப் போனால், நடந்து வருகிறவர்களுக்கு அவசரம் கிடையாது, வெளிநோயாளிப் பக்கம் போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. புத்தம்புது நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஆள் இல்லாத நாற்காலிகளுக்கு மேலே அத்தனை மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே வெயில் நிழற்குடைக்குள் நுழைந்து முழங்கால்வரை ஏறியிருந்தது. அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், கண்டக்டர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி பின்னால் இருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தான். "மெதுவாக்கா. சத்தம் போட்டா நம்மளக் கடைசியில தள்ளிடுவாங்க." அவள் வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு மனம் நொந்தது கொஞ்சமில்லை.

மூன்றாவது தடவை தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் சொருகிக் கிடந்தான். இரண்டு கறுத்த விரல்கள் நாலாகியிருந்தன. அன்றைக்கு வரிசையில் முன்னால் இருந்தார்கள், அடுத்த பஸ் இவர்களுக்குத்தான். வாய் வறண்டுபோகிறது என்று அவன் முனகவும், இதோ வந்துவிடுகிறேன் என்று அக்கா பக்கத்து டீக்கடைக்கு வெந்நீர் வாங்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நிழற்குடை முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. நிஜமான பஸ். அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் இருந்து கண்டக்டரும் கூவினார். "பஸ் வந்திருச்சு, நாலு பேர் ஏறலாம்." எல்லோரும் எழுந்தார்கள். சிலர் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனார்கள், சிலர் பஸ்ஸில் ஏறினார்கள். காய்ச்சலில் தம்பிக்கு வழியும் திசையும் தெரியவில்லை. பஸ் வந்திருச்சு என்பது மட்டும் கேட்டது. எந்த வார்த்தைக்காக மூன்று தடவை வந்து தவம் கிடந்தானோ அந்த வார்த்தை. கண் முன்னால் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான். கடைசி சீட்டில் போய்ச் சாய்ந்தான். பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா டம்ளரோடு வந்து பார்த்தால் இடம் காலி. அவளுக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அப்பாடா, உள்ளே போய்விட்டான். கண்டக்டரைக் கேட்டாள். நாலு பேர் போனார்கள், கட்டுப் போட்ட ஆள் ஒருவரும் போன மாதிரிதான் இருந்தது என்றார். துணைக்கு ஆள் உள்ளே போகக் கூடாது. அவள் நிழற்குடையில் உட்கார்ந்து, ஆறிப்போன வெந்நீரைத் தானே குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் தம்பியின் கல்யாணக் கதையைக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் எழுந்து போகிற நேரமும் வந்தது. உள்ளே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். தம்பி வரவில்லை.

அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள், கண்டக்டரும் தடுக்கவில்லை, கூடவே ஓடினார். அறை அறையாகப் பார்த்தார்கள், கழிப்பறைவரை பார்த்தார்கள். அப்படி ஒரு ஆளுக்கு டோக்கனே கொடுக்கவில்லை என்று மிஷின் முன்னால் இருந்த பெண் சொன்னாள். அவன் வரவில்லை, காத்திருக்கவில்லை, அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் அப்படி ஒரு மனிதனே கிடையாது. அக்கா தெருவுக்கு வந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட கூப்பாட்டில் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் தேட வந்தார்.

சாயங்காலம், பலகையில் பச்சை எழுத்து பளிச்சென்று தெரிய ஆரம்பித்த நேரத்தில், ஒரு பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வந்தது. உள்ளே தம்பியைத் தவிரப் பயணிகள் யாரும் இல்லை. அவன் தூங்குகிறான் என்று பஸ்காரர்கள் போய்வந்த அத்தனை நடையும் எழுப்பாமல் விட்டுவிட்டு, கடைசியில் டெப்போவில் எழுப்பிப் பார்த்தால் பேச்சு மூச்சில்லை. சட்டைப் பையில் மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரிப் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. டிரைவர் மேலதிகாரி யாரையும் கேட்கவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக் கண்டக்டர் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். பஸ் அவசரப் பிரிவு வாசல்வரை போய் நின்றது. இப்போது அவன் நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஆகவே அவசரம். டோக்கன் வந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது, டாக்டர் வந்தார். நாலு நிமிடம்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சின்னப் பெண். விடிய விடிய நின்றிருப்பாள் போலிருக்கிறது, முகம் வெளுத்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். சீழ் மேலே ஏறிவிட்டது, உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது என்றாள். பிறகு, மனசு கேட்காமலோ என்னவோ, இன்னொன்றும் சொன்னாள்.

"நேத்துக் காலையில வந்திருந்தாக்கூட விரலோட போயிருக்கும்மா."

"காலையிலதாம்மா வந்தோம்," என்றாள் அக்கா.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேரில் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளே இருந்த யார் பேரிலும் வரவில்லை. நேரத்துக்கு ஊசி, நேரத்துக்குக் கட்டு, நர்சுகள் சொந்தப் பிள்ளை போலப் பார்த்தார்கள். இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறதே, ஒரு தெரு அகலம் தாண்டினால் கிடைத்திருக்குமே என்பதுதான் அவள் வயிற்றைப் போட்டு எரித்தது.

தம்பி வார்டில் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அளவுக்காரி வந்தாள். கையில் தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரிகளை அளக்க அரசாங்கம் அனுப்புகிற அதிகாரி. நல்ல மாதிரி, மரியாதையாகப் பேசினாள். இந்த ஆஸ்பத்திரிக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது, சுகாதாரத் துறைச் செயலாளர் பரிசு கொடுக்க வருகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அளந்ததிலேயே குறைந்த நேரம் உங்கள் தம்பியுடையதுதான், நாலு நிமிடம், அவரும் நீங்களும் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றாள். அக்கா காது கேட்காதவள் மாதிரி அவளையே பார்த்தாள். பிறகு நிழற்குடை, வெயில், பஸ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். தம்பி பக்கத்தில் இருந்ததால் மெதுவாகவே சொன்னாள். அளவுக்காரி பொறுமையாகக் கேட்டாள். முகத்தில் வருத்தம்கூடத் தெரிந்தது.

"டோக்கனுக்கு முன்னாடி நடக்கறது எங்க வரம்புல வராதும்மா. பஸ் ஸ்டாப் போக்குவரத்துத் துறையோடது. நீங்க அவங்ககிட்டத்தான் சொல்லணும்."

அக்கா மேடைக்கு வருகிறோம் என்று மட்டும் சொன்னாள். தம்பிக்கே ஆச்சரியமாக இருந்தது.

விழா கூடத்தில்தான் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, பூங்கொத்து, கேமராக்காரர்கள். சக்கர நாற்காலியில் தம்பியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தபோது பெரிய டாக்டர் பார்வை அவன் காலில், அதாவது கால் இருந்த இடத்தில், ஒரு கணம் தங்கியது. படத்தில் நன்றாக இருக்காது என்று அவர் நர்சிடம் சொல்ல, அவள் ஒரு நீலப் போர்வையைக் கொண்டுவந்து அவன் மடி மறையப் போர்த்தினாள். தம்பி வாய் திறக்கவில்லை. அவன் எப்போது திறந்தான்?

செயலாளர் கேடயத்தைக் கொடுத்தார், பெரிய டாக்டர் வாங்கினார், கைதட்டினார்கள். நாலு நிமிடத்தில் காப்பாற்றப்பட்ட தொழிலாளியின் அக்கா பேசுவார் என்று அளவுக்காரி அறிவித்து மைக்கைக் கையில் கொடுத்தாள். அக்காவின் குரல் நடுங்கவில்லை.

"நாலு நிமிஷம்னு சொன்னது நிஜம்தாங்க. அதுக்கு முன்னாடி மூணு தடவை வந்து, விடியறதிலேருந்து டாக்டர் எழுந்து போற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தோம். அதை யாரும் அளக்கல. என் தம்பி கால் அந்த நேரத்துலதான் போச்சு."

பெரிய டாக்டர் ஓரத்தில் நின்ற ஆளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மைக் செத்துப்போனது. அக்கா இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். மைக் போனதும் தன்னைச் சின்னப் பிள்ளை போல ஓரங்கட்டுகிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தம்பியைப் பார்த்தாள். மெதுவாக்கா என்று சொல்லப்போகிறான் என்றே நினைத்தாள்.

"சத்தமாச் சொல்லுக்கா," என்றான் தம்பி.

அவள் செத்த மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வாசலுக்கு வந்தாள். நேர் எதிரே கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரு, தெருவைத் தாண்டி நிழற்குடை. வழக்கம் போல எள் போட இடமில்லை. வேன் வாசலில் நின்று மூன்றாவது மாடியைக் கூப்பிடுகிற குரலை எடுத்தாள்.

"பஸ் வந்திருச்சு, எல்லாரும் ஏறலாம்!"

நாலு பேர் இல்லை, எல்லோரும். நிழற்குடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், கைத்தடிகளும் கைக்குழந்தைகளுமாக மொத்தக் கூட்டமும் தெருவைக் கடந்தது. கண்டக்டர் உள்ளே திரும்பி மேடையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த வேலை அத்தோடு போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததில்லை.

வந்தவர்கள் யாரும் சண்டை போடவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், இடம் தீர்ந்ததும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி மின்விசிறிக்கு நேர் கீழே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இவர்களெல்லாம் யார் என்று செயலாளர் கேட்டார். பெரிய டாக்டர் கேடயத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அளவுக்காரிதான் இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருமல்காரப் பெரியவரிடம் குனிந்தாள். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

பெரியவர் மிரண்டுபோனார். பெரிய டாக்டரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்த பாடம் தானாக வாயில் வந்தது.

"காத்திருக்கலைம்மா. பஸ்ஸுக்குத்தான் நிக்கறோம்."

அக்காவுக்கு அழுகைதான் வந்தது, குரல் வரவில்லை. பேசியது தம்பிதான். சில்லறை கேட்கத் தெரியாத தம்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"அந்த பஸ்லதாங்க நான் ஏறினேன்."

மடியில் கிடந்த நீலப் போர்வையை எடுத்து, நாலாக மடித்து, அளவுக்காரியின் கையில் கொடுத்தான்.